நகம் மீண்டு வர ஆறு மாதம்

மதுரையிலிருந்து தெற்கே போகிற எவருக்கும் கப்பலூர் தெரியும். சுங்கச்சாவடி, சிட்கோ தொழிற்பேட்டை, நூற்பாலை, அப்பால் திருமங்கலம். சுற்று வட்டாரக் கிராமங்களில் மல்லிகைத் தோட்டங்கள். விரல்களை நம்பிப் பிழைக்கிற ஊர்கள் இவை. விடியும் முன்பே மொட்டுகளைக் கிள்ளுவது, நாரிலோ நூலிலோ பூத் தொடுப்பது, ஆலையில் அறுந்த இழையைப் பிடித்து இணைப்பது, மதுரை நகருக்குள் சுங்குடித் துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளியெடுத்து முடிச்சுப் போடுவது என்று எல்லா வேலையிலும் நகம் பங்கெடுக்கிறது. சுங்குடிக்கு 2005இலும் மதுரை மல்லிக்கு 2013இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் பெண்களின் விரல்நுனிகள்.

அந்த விரல்களை அழகுபடுத்திப் பார்க்க ஆசைப்படுவதும் இயல்புதான். முகூர்த்த மாதம் வந்தால் பார்லர்களில் மெனிக்யூர், ஜெல் பாலிஷ், நெயில் எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றுக்கும் கூட்டம் சேர்கிறது. பயிற்சி உள்ளவர் நிதானமாகச் செய்தால் பெரிய கெடுதல் இல்லை. அவசரத்திலும் அரைகுறைப் பயிற்சியிலும் செய்தால், கல்யாணம் முடிந்த மறுவாரமே தொல்லை தெரிகிறது. புளி கரைத்தால் விரல்நுனி எரிகிறது. பாத்திரம் தேய்க்கும்போது நகம் காகிதமாய் மடங்குகிறது. ஓரச் சதை சிவந்து, இரவில் விண்விண் என்று தெறிக்கிறது. அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று பலர் அதன் மேலேயே இன்னொரு பூச்சுப் போட்டு மறைக்கிறார்கள். இருப்பதிலேயே கெடுதலான வழி அதுதான். நகத்தில் எது உயிரற்றது, எது உயிருள்ளது என்று தெரிந்துகொண்டால், எதற்கு வைத்தியம் வேண்டும், எதற்குப் பொறுமை வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

உயிருள்ள பகுதி எங்கே?

நாம் பார்க்கிற, வெட்டுகிற, பூச்சுப் பூசுகிற பகுதி நகத்தட்டு. அது சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. கெரட்டின் என்ற புரதம் நிரம்பிய உயிரற்ற செல்களால் ஆனது. அந்தச் செல்கள் ஓட்டுக்கூரையில் ஓடுகள் அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தட்டையாகப் படிந்திருக்கின்றன. மேலடுக்கு கடினமானது, நடு அடுக்கு வளைந்து கொடுப்பது, கீழடுக்கு மெல்லியது. கீழடுக்குதான் சதையோடு ஒட்டியிருக்கிறது. நகத்தின் உறுதிக்குக் கால்சியம்தான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். நகத்தில் கால்சியம் மிகச் சொற்பம். கெரட்டின் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் கந்தக இணைப்புகளே அதற்கு வலிமை தருகின்றன.

இந்தத் தட்டை உருவாக்கும் இடம் நகவேர். விரலின் பின்பக்கத் தோலுக்கு அடியில் அது ஒளிந்திருக்கிறது. கட்டைவிரல் நகத்தின் அடியில் வெள்ளையாகத் தெரியும் பிறை, அந்த வேரின் வெளித்தெரியும் நுனி. வேரில் செல்கள் பெருகிப் பெருகி, பழையவற்றை முன்னே தள்ளுகின்றன. தள்ளப்பட்டவை உயிரிழந்து கெட்டியாகித் தட்டாகின்றன. தட்டுக்குக் கீழே இருப்பது நகப்படுகை. இரத்தக் குழாய்களும் நரம்பு நுனிகளும் அங்கே நெருக்கமாக உள்ளன. படுகைக்கு அடியில் கொழுப்புத் திண்டு கிடையாது. நேரே விரல் எலும்புதான். மேலே கெட்டித் தட்டும் கீழே எலும்பும் இருக்க, நடுவில் சிறிது வீக்கம் வந்தாலும் அது விரிய இடமில்லாமல் நரம்பை அழுத்துகிறது. நகத்தில் பட்ட சின்னக் காயமும் அத்தனை வலிப்பது இதனால்தான்.

தட்டும் தோலும் சேருமிடத்தில் மெல்லிய தோல் விளிம்பு ஒன்று நகத்தோடு ஒட்டியிருக்கும். பார்லரில் இதைக் கியூட்டிக்கிள் என்கிறார்கள். தேவையில்லாத அழுக்குத் தோல் என்று நினைத்து இதை வெட்டி எறிபவர்கள் அதிகம். நகவேருக்குள் தண்ணீரும் கிருமியும் இறங்காமல் அடைத்துக் காப்பது இந்த விளிம்புதான்.

ஆக, இரண்டு விதமான சேதங்கள் உண்டு. தட்டு தேய்ந்தால் அது காயம் ஆகாது. உயிரில்லாத பொருள் ஆறவும் செய்யாது. எந்த எண்ணெயும் கிரீமும் தேய்ந்த அடுக்கைத் திரும்ப ஒட்டவைக்காது. அது வளர்ந்து வெளியேறினால்தான் உண்டு. வேரோ படுகையோ ஓரத் தோலோ புண்பட்டால் அது உண்மையான காயம். அதற்குச் சிகிச்சை உண்டு. அலட்சியம் செய்தால் நிரந்தரமாக நகம் கோணலாகிவிடவும் கூடும்.

ஆடியில் இட்ட மருதாணி

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. முழு நகமும் புதிதாக மாற ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். கால் நகத்தின் வேகம் இதில் பாதிதான். கால் பெருவிரல் நகம் மாற ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை பிடிக்கும்.

வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் இதைத் தம் நகத்திலேயே அளந்தார். மாதந்தோறும் தம் இடக்கைக் கட்டைவிரல் நகத்தின் அடியில் ஒரு கோடு கீறி, அது நுனிக்கு வந்துசேரும் நாளைக் குறித்துவைத்தார். இப்படி 35 ஆண்டுகள் செய்து 1980இல் முடிவுகளை வெளியிட்டார். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. வயது ஏற ஏற, கெட்ட நகம் மாறவும் கூடுதல் நாள் ஆகும் என்பது அதிலிருந்து தெரிகிறது.

நம் வீட்டுப் பெண்கள் கீறாமலே இந்தக் கணக்கைப் பார்த்துவருகிறார்கள். ஆடி மாதம் மருதாணி அரைத்து இடுகிறோம். அதிலுள்ள லாசோன் என்ற நிறமி கெரட்டினோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடுகிறது. தோலின் மேற்செல்கள் உதிர்ந்துகொண்டே இருப்பதால் உள்ளங்கைச் சிவப்பு இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். நகத்தில் உதிர்வு இல்லை. சிவப்பு அப்படியே நுனியை நோக்கி நகரும். அடியில் வெளுப்பாகப் புதுநகம் முளைத்து வருவது தெளிவாகத் தெரியும். ஆடியில் இட்டது தை பிறக்கும்போது நுனியில் கீற்றாக நிற்கும், அல்லது வெட்டுப்பட்டுப் போயிருக்கும். பார்லரில் கெட்ட நகமும் இதே வேகத்தில்தான் விலகும். பத்து நாளில் நகத்தைச் சரியாக்குவதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுமுன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

நகவேருக்கு நேர்ந்ததை நகம் தன் மேல் எழுதிவைக்கவும் செய்கிறது. கடுமையான நோய்க்குப் பிறகு நகத்தில் குறுக்கே பள்ளக்கோடு விழுவதை 1846இல் பிரெஞ்சு மருத்துவர் பொ விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. வேர் சில நாள் வேலையை நிறுத்தியதன் தடம் அது. கியூட்டிக்கிளை இரும்புக் கம்பியால் அழுத்தித் தள்ளும்போதும் வேர் நசுங்கி, ஓரிரு மாதம் கழித்து இதே மாதிரிப் பள்ளமோ வெள்ளைப் புள்ளியோ வெளிவரும். நகத்தில் வெள்ளைப் பூ விழுந்தால் புதுத் துணி வரும் என்று நம்பியதும், பறக்கும் கொக்கைப் பார்த்து விரல்களை ஆட்டிப் பூக் கேட்டதும் நம் பிள்ளைப் பருவத்து நினைவுகள். அந்தப் பூக்களில் பெரும்பாலானவை, முன்பு எப்போதோ நகவேரில் பட்ட சிறு அடியின் தடங்கள். சத்துக் குறைவு என்று பயந்து மாத்திரை வாங்க வேண்டியதில்லை.

எந்தக் கட்டத்தில் கெடுகிறது?

முதல் சேதம் ராவுவதில் நேர்கிறது. ஜெல்லோ அக்ரிலிக்கோ பிடித்து நிற்பதற்காக நகத்தின் மேற்பளபளப்பை லேசாக எடுப்பார்கள். டிரில் மிஷினை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் மேலடுக்கு முழுதும் போய், நடு அடுக்கும் குறையும். அப்போதே சூடு தெரியும். பிறகு நகத்தில் வளைந்த சிவப்புப் பட்டை தோன்றும், தொட்டால் வலிக்கும். தட்டு மெலிந்து அடியிலுள்ள படுகை தெரிவதுதான் அந்தச் சிவப்பு.

இரண்டாவது, எடுப்பதில். ஜெல் பாலிஷைக் கழற்ற, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து அலுமினியத் தாளால் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க நேரமில்லாமல் சுரண்டினாலோ, ஓரம் தூக்கியதும் நாமே உரித்தாலோ, நகத்தின் மேற்செல்களும் ஜெல்லோடு சேர்ந்து வந்துவிடும். நகத்தில் பிறகு தெரியும் வெள்ளைத் திட்டுகள் அந்த உரிதலின் அடையாளம். பலர் ஜெல் நகத்தைக் கெடுத்துவிட்டது என்பார்கள். கெடுத்தது பல சமயம் அதை எடுத்த விதம்.

மூன்றாவது, கியூட்டிக்கிளை வெட்டுவதில். அடைப்புப் போனதும் நீரும் சோப்பும் பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே இறங்க வழி திறக்கிறது. நாளெல்லாம் ஈரத்தில் கை வைக்கும் பூக்காரப் பெண்ணுக்கும், சமையல் வேலை செய்பவருக்கும் இது இரட்டிப்பு ஆபத்து.

நான்காவது, கருவிகளில். ஒருவர் விரலில் இரத்தம் பட்ட கட்டரை அடுத்தவருக்கு ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் பயன்படுத்துவது போதாது. கருவி உண்மையில் கிருமியற்றதாக வேண்டுமானால் சோப்பும் தண்ணீரும் கொண்டு தேய்த்துக் கழுவி, ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் அழுத்த நீராவியில் 15 நிமிடமாவது வைக்க வேண்டும். பார்லர்களில் நீல வெளிச்சத்தோடு இருக்கும் சிறு பெட்டிகள், சுத்தம் செய்த கருவியைப் பத்திரமாக வைக்க உதவலாம். ஆட்டோகிளேவுக்கு அவை ஈடாகாது. கலிபோர்னியாவின் வாட்சன்வில் நகரில் 2000ஆம் ஆண்டு ஒரே நக நிலையத்தில் பெடிக்யூர் செய்துகொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காலில் மாதக்கணக்கில் ஆறாத கட்டிகள் வந்தன. கால் ஊறவைக்கும் தொட்டியின் நீர் உறிஞ்சும் வலைக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்கும் சேர்ந்திருந்தன. அங்கே பெருகிய மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம் என்ற கிருமியே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும் தொட்டியும் சுத்தமானது என்று சொல்லிவிட முடியாது.

ஜெல்லும் ஒவ்வாமையும்

ஜெல் பாலிஷ் என்பது அக்ரிலேட் வகை மூலக்கூறுகளின் கலவை. புறஊதா விளக்கின் கீழ் கை வைத்தால் அந்தச் சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக் கெட்டியாகின்றன. அப்போது வெப்பம் வெளிப்படும். ஏற்கெனவே ராவி மெலிந்த நகத்தில் அது சுரீரென்று சுடும். சுட்டால் பொறுத்துக்கொள்ளக் கூடாது. உடனே கையை எடுத்துவிட வேண்டும்.

விளக்கு பழையதாகவோ, அந்தப் பூச்சுக்குப் பொருந்தாததாகவோ இருந்தாலும், பூச்சு தடிமனாக இருந்தாலும் எல்லா மூலக்கூறும் கெட்டியாகாது. மிஞ்சியவை தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் உடல் அவற்றை எதிரியாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. விரல்நுனி அரித்து வெடிப்பது, நகம் படுகையிலிருந்து கிளம்புவது, விரல் பட்ட கண்ணிமையும் கழுத்தும் தடிப்பது ஆகியவை இதன் அறிகுறிகள். இந்த ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். பல் அடைக்கும் பொருளிலும், மூட்டு அறுவையில் பயன்படும் எலும்புச் சிமெண்டிலும் இதே குடும்பத்து வேதிப்பொருள்கள் உண்டு. அதனால் பிற்காலத்தில் பல் மருத்துவரிடமும் எலும்பு மருத்துவரிடமும் இதைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018இலேயே இதுபற்றி எச்சரித்தது. ஜெல்லைக் கெட்டியாக்க உதவும் டிபிஓ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் தடைசெய்துவிட்டது.

விளக்கின் கதிர்பற்றியும் கேள்வி உண்டு. 2023இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் வளர்த்த செல்களை இத்தகைய விளக்கின் கீழ் 20 நிமிடம் வைத்தபோது 20 முதல் 30 சதவீதம் செல்கள் இறந்தன. மிஞ்சியவற்றின் டிஎன்ஏவிலும் சேதம் தெரிந்தது. ஆய்வகத் தட்டில் கிடக்கும் செல்லுக்கு மேல்தோலின் காப்பு இல்லை. ஆகவே இதைக் கொண்டு கைக்குப் புற்றுநோய் வரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் விரல்நுனி மட்டும் வெளியே தெரியும் கையுறை போடுவதிலோ, முன்கூட்டியே சன்ஸ்கிரீன் பூசுவதிலோ நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

நகச்சுற்றும் எலுமிச்சம்பழமும்

ஓரத் தோல் கிழிந்து இரண்டு மூன்று நாளில் விரல் சிவந்து வீங்கித் தெறித்தால், அது நகச்சுற்று. பேச்சில் நகச்சுத்து என்போம். பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை பாக்டீரியா காரணம். எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் செருகிவைப்பது நம் ஊர்ப் பழக்கம். பழம் விரலைச் சுற்றி உறைபோல நிற்பதால் இடி படாமல் இருக்கும். அந்த அளவில் சற்று ஆறுதல் கிடைக்கலாம். உள்ளே தேங்கிய சீழைச் சாறு வெளியேற்றாது. அதன் அமிலம் கிழிந்த தோலை மேலும் அரிக்கும்.

அதைவிட எளிய வழி, தாங்கக்கூடிய வெதுவெதுப்பான நீரில் விரலைப் பதினைந்து நிமிடம் வைப்பது. நாளுக்கு மூன்று நான்கு முறை. வெப்பத்தால் இரத்த ஓட்டம் கூடி, ஆரம்ப நிலையிலேயே பல சமயம் அடங்கிவிடும். பிறகு ஈரத்தை நன்றாக ஒற்றியெடுக்க வேண்டும். சீழ் கட்டிவிட்டால் ஊசியால் குத்தாதீர்கள். மருத்துவர் சிறு கீறலில் எடுத்துவிடுவார், வலி அப்போதே குறையும். கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அதைக் கீறவே கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

தேய்ந்த நகத்தைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். நீளமாக இருந்தால் எதிலாவது மாட்டி, கிழிசல் படுகை வரை போகும். ஓரத்தை மென்மையான ஃபைலால் ஒரே திசையில் தேயுங்கள்.

நகம் படுகையிலிருந்து கிளம்பியிருந்தால், கிளம்பிய அளவுக்கு வெட்டிவிடுவது நல்லது. அதன் அடியில் குச்சியை விட்டுச் சுத்தம் செய்யாதீர்கள். பசை வைத்து ஒட்டாதீர்கள். கிளம்பிய இடம் திரும்ப ஒட்டாது. அடியிலிருந்து வரும் புதுநகம்தான் ஒட்டிக்கொண்டு வளரும். அதுவரை உலர்வாக வைத்திருப்பதே வைத்தியம். ஈரம் தங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா சேர்ந்து நகம் பச்சையாக மாறும்.

நகம் தண்ணீரைக் குடித்து உப்பி, காய்ந்து சுருங்குகிறது. நாளில் பலமுறை இப்படி நடந்தால் அடுக்குகள் பிரியும். பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் உள்ளே பருத்தித் துணி வைத்த ரப்பர் கையுறை போடுங்கள். இரவு கை கழுவியதும், ஈரம் முழுதாகக் காயுமுன் வாசலினோ தேங்காயெண்ணெயோ நகத்திலும் ஓரத் தோலிலும் தடவுங்கள். இது தேய்ந்ததைத் திருப்பித் தராது. இருப்பது வெடிக்காமல் காக்கும். புதுநகம் முழுதும் வரும்வரை ஜெல், அக்ரிலிக், அசிட்டோன் எதுவும் வேண்டாம்.

பயோட்டின் மாத்திரையை எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். அதற்கான சான்று சில சிறிய ஆய்வுகளே. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் அது தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2017இல் எச்சரித்தது. மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வெந்நீர் ஒத்தடம் கொடுத்து இரண்டு நாளாகியும் வீக்கம் குறையவில்லை, சீழ் தெரிகிறது, காய்ச்சல் வருகிறது, சிவப்புக் கோடு கையில் மேலேறுகிறது, நகம் பச்சையாகவோ கருப்பாகவோ மாறுகிறது, விரல் தாண்டி முகத்திலும் அரிப்பு பரவுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போய்விடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டு நாள் காத்திருக்கவே வேண்டாம். திருமங்கலம் அரசு மருத்துவமனை கப்பலூருக்குப் பக்கம். தோல் நோய்க்கெனத் தனிப் பிரிவு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இருக்கிறது. ஒவ்வாமைச் சந்தேகம் இருந்தால் பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, பிறகும் ஒருமுறை பார்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவார்கள். பூச்சின் பாட்டிலையோ அதன் படத்தையோ கொண்டுபோனால் உதவும்.

கேட்பது நம் உரிமை

அடுத்த முறை பார்லருக்குப் போகும்போது நான்கைக் கேளுங்கள். கருவியை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்? பாட்டிலில் தயாரிப்பாளர் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிறதா? விளக்கு இந்தப் பூச்சுக்கானதுதானா? கியூட்டிக்கிளை வெட்டாமல் செய்ய முடியுமா? நான்காவதற்கு முடியாது என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். நகவெட்டியும் ஃபைலும் சொந்தமாக எடுத்துப் போவது இன்னும் நல்லது. பில்லைக் கேட்டு வாங்குங்கள். காயம் பட்டால் அன்றே படம் எடுத்துவைத்து, மருத்துவச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம்.

இந்தக் கேள்விகளால் பயன்பெறுபவர் வாடிக்கையாளர் மட்டும் இல்லை. மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருப்பவரும் நம் ஊர்ப் பெண்தான். நாம் ஒருமுறை தொடும் ஜெல்லை அவர் நாளெல்லாம் தொடுகிறார். ராவிய தூளையும் அசிட்டோன் ஆவியையும் நாளெல்லாம் சுவாசிக்கிறார். ஒவ்வாமை முதலில் வரக்கூடியவர் அவர். வந்தால் போவது அவருடைய பிழைப்பு. அக்ரிலேட் மெல்லிய லேட்டக்ஸ் கையுறையைச் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும் என்பதையும், நைட்ரைல் கையுறையை அடிக்கடி மாற்ற வேண்டும் என்பதையும், சன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்பதையும் அழகுக்கலைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும். கேள்வி கேட்கும் வாடிக்கையாளர்கள் பெருகினால் ஆட்டோகிளேவ் வாங்குவது பார்லர் உரிமையாளருக்குச் செலவாகத் தோன்றாது, தொழிலுக்குத் தேவை என்று தோன்றும். ஆறு மாதம் நகம் வளரக் காத்திருப்பதைவிட, உட்காரும் முன் ஐந்து நிமிடம் நின்று கேட்பது எவ்வளவோ சுலபம்.